பெட்டியில் வரும் ஹீட்டரும் நல்லதண்ணிக் குளிரும்

டிசம்பர் பூரணையிலிருந்து மே பூரணை வரை நல்லதண்ணி தூங்குவதில்லை. நாங்கள் பாவா ஆதம் மலை என்றும் மற்றவர்கள் சிவனொளிபாத மலை, ஸ்ரீ பாதம் என்றும் சொல்லும் அந்த 2,243 மீற்றர் உயரச் சிகரத்துக்கு ஹட்டன், மஸ்கெலியா வழியாக வருகிறவர்கள் ஏறத் தொடங்குவது இங்கிருந்துதான். இரவு முழுக்க ஏறி, விடியலைப் பார்த்துவிட்டு, முழங்கால் நடுங்க இறங்கி வருகிறவர்கள் முதலில் கேட்பது தேநீர். அடுத்துக் கேட்பது சுடுதண்ணி. சுடுதண்ணி உண்டு என்று பலகையில் எழுதியிருக்கும் அறைக்கும் எழுதாத அறைக்கும் வாடகையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது.

அந்தப் பலகையை எழுதுவதற்காகத்தான் பெட்டிகள் வருகின்றன. கட்டாரிலிருந்து மகன் கொண்டுவருகிறான், சவூதியிலிருந்து மச்சான் கார்கோவில் போடுகிறார், உம்றாவுக்குப் போனவர்கள் திரும்பும்போது ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிறார்கள், லண்டனிலிருக்கும் சாச்சா தன் வீட்டில் மாற்றிய பழைய ஷவரைக் கழற்றிப் பத்திரமாகச் சுற்றி அனுப்புகிறார். எல்லாம் அன்பினால் வருபவை. இங்கே விற்பதைவிட மலிவு, "வெளிநாட்டுச் சாமான், நல்ல சாமான்" என்ற நம்பிக்கை வேறு.

அந்தச் சாமான் அங்கே நல்லதாக இருந்திருக்கலாம். குளியலறை மின்சாதனத்தைப் பொறுத்தவரை அங்கே நல்லது என்பதால் மட்டும் அது இங்கே நல்லதாகிவிடாது. அதைக் கொஞ்சம் கணக்கோடு விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நல்லதண்ணியில் நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறது. இரண்டு பருவங்களுக்கு முன் மகன் கட்டாரிலிருந்து ஓர் உடனடி ஹீட்டர் கொண்டுவந்தான். 4.5 கிலோவாட், 240 வோல்ட். வந்த அன்றே மாட்டினார்கள். குளியலறைக் கதவுக்கு வெளியே ஏற்கெனவே ஒரு 13 அம்பியர் சொக்கெட் இருந்தது. அதில் செருகினார்கள், தண்ணீர் சுட்டது, எல்லோருக்கும் சந்தோசம். மூன்றாம் வாரம் பிளக் கறுத்து உருகியது. வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் பிளக்கை வெட்டிவிட்டுக் கையில் இருந்த வேறொரு இரட்டை முனைப் பிளக்கைப் பூட்டினார். மூன்றாவது வயர் என்ன செய்வதென்று தெரியாமல் வெட்டி, அழகாக டேப் சுற்றி விட்டுப்போனார். அந்தப் பருவத்தின் நடுவில் ஒரு விருந்தினர், குழாயைத் தொட்டால் கை "சுள்" என்கிறது என்று சொன்னார். குளிரில் விறைத்த கை, அப்படித்தான் இருக்கும் என்று பதில் சொல்லியிருக்கிறார்கள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இந்தச் சின்னக் கதைக்குள் எல்லாத் தவறுகளும் இருக்கின்றன.

முதலில் பிளக். கட்டார், குவைத், எமிரேட்ஸ், ஓமான், மலேசியா, பிரித்தானியா எல்லாவற்றிலும் நாம் பயன்படுத்தும் அதே 13 அம்பியர் சதுர முனைப் பிளக்தான். இலங்கையில் முன்பு 5 அம்பியர், 15 அம்பியர் உருண்டை முனைகளும் சேர்ந்து புழங்கின. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் முயற்சியால் சதுர முனையே ஒரே தேசிய வகையாக ஆக்கப்பட்டது. ஆகவே வளைகுடாவிலிருந்து வரும் சாமான் நம் சுவரில் கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருந்திவிட்டதால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். ஆனால் 13 அம்பியர் பிளக் தாங்கக்கூடியது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3,000 வாட். அந்த 4.5 கிலோவாட் ஹீட்டர் நம் 230 வோல்ட்டில் சுமார் 4,100 வாட் எடுக்கும், 18 அம்பியர். பிளக்குக்குள் இருக்கும் 13 அம்பியர் பியூஸ் 18 அம்பியரில் உடனே எரியாது. மணிக்கணக்காகச் சகித்துக்கொண்டு சூடாகும், அதற்குள் பிளக் உருகும். பியூஸ் என்றால் எல்லை தாண்டிய நொடியில் அறுந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

துருக்கி, கொரியாவிலிருந்து வரும் சாமான்களில் வேறு பிரச்சினை. அவற்றின் பிளக்கில் இரண்டு உருண்டை முனைகள் மட்டுமே தெரியும். எர்த் இல்லை என்று அர்த்தமில்லை, பிளக்கின் பக்கவாட்டில் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும், அவைதான் எர்த். அந்த ஊர்ச் சொக்கெட்டின் குழிக்குள் அவற்றைத் தொடும் கவ்விகள் உண்டு. நாமோ நமது சொக்கெட்டின் மேல் துளைக்குள் பேனாவைக் குத்தி, மூடியைத் திறக்கவைத்து, அந்த இரண்டு முனைகளையும் செருகிவிடுகிறோம். மின்சாரம் வந்துவிடும், எர்த் மட்டும் எதையும் தொடாமல் காற்றில் நிற்கும். கைபேசி சார்ஜருக்குச் செய்யும் இந்தப் பேனா வித்தையை ஹீட்டருக்கும் செய்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதைவிடச் சுருக்கமான ஆபத்து வழி கிடையாது.

பிளக்கைத் தாண்டிப் போனால் நமது மலைநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. உடனடி ஹீட்டர் என்பது தண்ணீர் ஓடும்போதே சூடாக்குவது. எவ்வளவு சூடாகும் என்பது இரண்டைப் பொறுத்தது: வரும் தண்ணீர் எவ்வளவு குளிர், எவ்வளவு வேகமாக ஓடுகிறது. கொழும்பில் குழாய்த் தண்ணீர் 27 பாகை என்று வையுங்கள். 40 பாகைக்குக் கொண்டுவர 13 பாகை ஏற்றினால் போதும். கடைகளில் சாதாரணமாக விற்கும் 3.5 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு 4 லீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும். குளிக்கலாம். நல்லதண்ணியில் பனிக்கால விடியலில் மலை ஊற்றுத் தண்ணீர் 15 பாகையில் வருகிறது என்று வையுங்கள். 25 பாகை ஏற்ற வேண்டும். அதே ஹீட்டர் இப்போது நிமிடத்துக்கு 2 லீற்றர்தான் தரும். நூல் மாதிரி ஒழுகும். இரவில் கடைசிக் கம்பத்துக்கு வோல்ட் இறங்கினால் அதுவும் குறையும்.

இதனால்தான் இங்குள்ளவர்கள் "பெரிய மெஷின்" கேட்கிறார்கள். வெளிநாட்டிலுள்ளவர்களும் கேட்டதை அனுப்புகிறார்கள். 4.5, பிறகு 5.5, பிறகு 6 கிலோவாட். லண்டன் ஷவர் என்றால் 8.5 கிலோவாட்டும் அதற்கு மேலும். அந்த லண்டன் ஷவரை இங்கே மாட்டினால் 34 அம்பியர் கேட்கும். இலங்கையில் வீடுகளுக்குச் சாதாரணமாக வரும் ஒற்றைக் கட்ட இணைப்பே 30 அம்பியர்தான். வீட்டில் ஒரு பல்ப் கூட எரியாவிட்டாலும் அந்த ஷவருக்கு மின்சாரம் போதாது. பிரித்தானியாவில் அதற்கென்று பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், மேல்கூரையில் கயிறு இழுக்கும் சுவிட்ச் எல்லாம் இருந்தன. அனுப்பியவர் ஷவரை மட்டும் கழற்றி அனுப்பினார், அந்த வீட்டின் வயரிங்கைக் கழற்றி அனுப்ப முடியாதே.

இங்கே வயரிங் வேலை செய்கிறவர்கள் வயரை எண்ணால் சொல்வார்கள்: பல்புக்கு 1/1.13, சொக்கெட்டுக்கு 7/0.67, பெரிய சுமைக்கு 7/0.85, அதற்கும் மேல் 7/1.04. குறுக்குப் பரப்பில் பார்த்தால் இவை ஏறத்தாழ 1, 2.5, 4, 6 சதுர மில்லிமீற்றர். 3.5 கிலோவாட்டைத் தாண்டிய எந்த ஹீட்டரும் சொக்கெட் வயரில் தொங்கக்கூடாது. 7/0.85 அல்லது 7/1.04 வயர் பெட்டியிலிருந்து தனியாக வர வேண்டும், அதற்கேற்ற பிரேக்கர் வேண்டும், குளியலறைக்கு வெளியே இரு கம்பிகளையும் துண்டிக்கும் சுவிட்ச் வேண்டும். பிளக்கே இருக்கக்கூடாது. பழைய வீட்டை அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கும் இடங்களில் பல்ப் வயரிலிருந்தே கிளை எடுத்திருப்பதைச் சாதாரணமாகக் காணலாம். சுவருக்குள் அந்த வயர் சுடுவது யாருக்கும் தெரியாது.

வோல்ட்டும் ஹேர்ட்ஸும் தனிக் கதை. கட்டார், குவைத், எமிரேட்ஸ் எல்லாம் 50 ஹேர்ட்ஸ், நமக்குக் கிட்டத்தட்ட ஒத்த வோல்ட். சவூதி வேறு. அங்கே 60 ஹேர்ட்ஸ். பல பத்தாண்டுகளாக வீடுகளில் 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் கலந்தே இருந்தன. 2010க்குப் பின்தான் 230 வோல்ட்டுக்குப் படிப்படியாக மாறத் தொடங்கினார்கள். ஆகவே சவூதியிலிருந்து வரும் எல்லாச் சாமானும் 127 வோல்ட் அல்ல, ஆனால் சில அப்படித்தான் இருக்கும். வெப்பம் தரும் சாதனத்தில் வோல்ட் கூடினால் வாட் அதன் இருமடி விகிதத்தில் கூடும். 127 வோல்ட்டில் 1,200 வாட் என்று எழுதிய ஒரு சாதனத்தை நம் 230 வோல்ட்டில் செருகினால் அது ஏறத்தாழ 3,900 வாட்டை இழுக்கும். சில விநாடிகளில் எரிந்தால் அது அதிர்ஷ்டம். எரியாமல் தீப்பிடித்தால்?

60 ஹேர்ட்ஸ் விடயத்தில் வெப்பச் சுருளுக்கு வித்தியாசம் இல்லை, அதற்கு எந்த ஹேர்ட்ஸும் ஒன்றுதான். மோட்டார் உள்ளவற்றுக்குத்தான் பிரச்சினை: குளியலறைக் காற்றாடி, உள்ளே பம்ப் பொருத்திய ஷவர். 60க்கு மட்டும் செய்த சாதாரண மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுற்றும், அதே நேரம் கூடுதலாகச் சூடாகும். அடைத்த குளியலறைக்குள் இரவு முழுக்க ஓடும் காற்றாடிக்கு இது நல்லதல்ல. பெயர்த்தகட்டில் 50/60 என்று இரண்டும் எழுதியிருந்தால் கவலையில்லை.

அடுத்து முத்திரைகள். சாமானின் பின்பக்கத்தில் பல முத்திரைகள் இருக்கும். நம்மில் பலர் 'சீஈ' என்ற ஐரோப்பிய எழுத்தைக் கண்டவுடன் திருப்தியடைகிறோம். வீட்டு மின்சாதனங்களைப் பொறுத்தவரை அது தயாரிப்பாளர் தானே செய்யும் அறிவிப்புதான், வெளியார் எவரும் சோதித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வளைகுடா நாடுகளின் 'ஜி' முத்திரை இன்னும் கொஞ்சம் பெறுமதியானது, ஏனென்றால் தண்ணீர் ஹீட்டர்கள் அங்கே வெளியார் நிறுவனத்தின் சான்று தேவைப்படும் பட்டியலில் இருக்கின்றன. இந்தியாவின் ஐஎஸ்ஐ முத்திரையும் அப்படித்தான், தொட்டி ஹீட்டருக்கு ஐஎஸ் 2082 என்ற எண்ணைத் தேடிப் பார்க்கலாம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஐஈசி 60335 என்ற சர்வதேசத் தரம். உடனடி ஹீட்டருக்கு அதன் 35ஆம் பகுதி, தொட்டி ஹீட்டருக்கு 21ஆம் பகுதி. நீர் புகாத் தன்மைக்கு 'ஐபி' எண்ணைப் பாருங்கள். ஷவருக்குப் பக்கத்தில் மாட்டும் எதற்கும் ஐபிஎக்ஸ் 4 ஆவது வேண்டும், அதாவது எப்பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகாதது.

நம் நாட்டில் தரத்தைப் பார்ப்பது இலங்கைக் கட்டளைகள் நிறுவனம். எஸ்எல்எஸ் முத்திரையை நாம் சீமெந்திலும் போத்தல் தண்ணீரிலும் தேடுகிறோம், பிளக்கிலும் பிரேக்கரிலும் தேடுவதில்லை. வியாபாரத்துக்காகக் கொள்கலனில் இறக்குமதியாகும் சாமானுக்குத்தான் இறக்குமதிப் பரிசோதனை முறைகள். பயணி தன் பெட்டியில் ஒன்றைக் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் அவரிடம் வரியைப் பற்றிக் கேட்பார்களே ஒழிய எர்த்தைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. கடையில் பற்றுச்சீட்டோடு வாங்கிய பொருள் என்றால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம், 1977 என்ற எண்ணில், முறையிடவாவது முடியும். ஜித்தாவில் வாங்கிய பொருளுக்கு யாரிடம் போவது? ஆகவே அந்தப் பெட்டி நம் வீட்டு வாசலைத் தாண்டும்போது அதைப் பரிசோதிக்கும் கடைசி அதிகாரி நாம்தான்.

இவ்வளவும் சாமானைப் பற்றியது. உண்மையில் உயிரைக் காப்பது சாமானைவிட வீடுதான். எர்த்தும் ட்ரிப் சுவிட்ச்சும். இதில்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

ஹீட்டருக்குள் வெப்பச் சுருளின் உறை ஒருநாள் வெடிக்கும், எந்தக் கம்பனியின் ஹீட்டரிலும். அப்போது மின்சாரம் தண்ணீருக்கும் உலோக உடலுக்கும் வரும். எர்த் வயர் இருந்தால் அது அந்த வழியாக மண்ணுக்குப் போகும். நம் நாட்டில் வீட்டுக்கான எர்த்தை மின்சார சபை கம்பத்திலிருந்து தருவதில்லை, நம் வளவில் நாம் அடிக்கும் கம்பிதான் எர்த். அந்தக் கம்பி மண்ணோடு எவ்வளவு நன்றாகத் தொடர்புபட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. நல்லதண்ணியில் அரை மீற்றர் தோண்டினால் கல். பலர் கம்பியைப் பாதி அடித்து, மீதியை வெட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட எர்த்தின் தடை 100 ஓம் என்று வைப்போம். 230 வோல்ட்டை 100ஆல் வகுத்தால் 2.3 அம்பியர். ஹீட்டரில் பழுது ஏற்பட்டு இந்த 2.3 அம்பியர் மண்ணுக்கு ஓடுகிறது. 32 அம்பியர் பிரேக்கர் இதை உணரவே உணராது. மாறாக, எர்த் வயரோடு இணைந்த வீட்டின் எல்லா உலோகமும் கிட்டத்தட்ட 230 வோல்ட்டில் நிற்கும். முதல் அறை ஹீட்டரின் பழுது நான்காம் அறைக் குழாயில் தெரியும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். மண் ஈரமாக இருந்தால் எர்த் நன்றாக வேலை செய்யும், காய்ந்தால் தடை கூடும். நல்லதண்ணியில் அறைகள் நிரம்பி வழிவது மழைக் காலத்திலல்ல, ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களில். அதாவது ஹீட்டர்கள் ஓயாமல் ஓடும் அதே வாரங்களில்தான் எர்த் மிகப் பலவீனமாக இருக்கிறது. ஒக்டோபர் மழையில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பதில் பயனில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் ட்ரிப் சுவிட்ச். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர், அதாவது 0.03 அம்பியர், காணாமல் போனாலும் ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டிக்க வேண்டும், கசிவு பெரிதாக இருந்தால் அதைவிட மிக வேகமாக. நனைந்த உடலின் தடை 1,000 ஓம் அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்கிவிடும். 230 வோல்ட் என்றால் 230 மில்லி அம்பியர் உடலில் ஓடலாம், இதயம் தடுமாற இதில் சிறு பங்கே போதும். பழைய வீடுகளின் ட்ரிப் சுவிட்ச்சில் 0.1 அல்லது 0.3 அம்பியர் என்று எழுதியிருந்தால் அது தீயைத் தடுக்கலாம், குளிப்பவரைக் காக்காது. மலேசியாவில் ஈரமான இடங்களுக்கான மின்சுற்றுகளுக்கு 10 மில்லி அம்பியர் வரை இறங்கியிருக்கிறார்கள். நாம் 30க்காவது வர வேண்டும்.

ட்ரிப் சுவிட்ச்சிலுள்ள சோதனைப் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். விழுந்தால் அந்தப் பொறி வேலை செய்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எர்த் வயரே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். எர்த்தை அறிய எர்த் டெஸ்டர் கருவியோடு வரும் மின்னிணைப்பாளர் வேண்டும், மினுங்கும் டெஸ்டர் போதாது.

பின்னர் அந்தப் பிரபலமான வாக்கியம்: "ட்ரிப் அடிச்சிக்கிட்டே இருந்திச்சு, டிரெக்ட் குடுத்துட்டேன்." ஹீட்டர் போட்டவுடன் ட்ரிப் விழுகிறதென்றால் ஹீட்டர் கசிகிறது என்று அது கத்துகிறது. கத்துகிறவனின் வாயைப் பொத்துவதுதான் டிரெக்ட் கொடுப்பது. இதைச் செய்துவிட்டுக் கூலி வாங்குகிறவர் செய்தது என்னவென்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எர்த் இல்லாததால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரத்து உதாரணம் ஒன்று. 2008 ஜனவரி 2 அன்று பக்தாதில், முன்னாள் அரண்மனை வளாகம் ஒன்றை முகாமாக்கியிருந்த இடத்தில், 24 வயது அமெரிக்க இராணுவ வீரர் ஒருவர் ஷவரில் நின்றபடியே மின்சாரம் தாக்கி இறந்தார். கூரையிலிருந்த தண்ணீர்ப் பம்பில் பழுது, அந்தப் பம்புக்கு எர்த் சரியாக இல்லை. ஷவரில் மின்சாதனம் எதுவும் இருக்கவில்லை, குழாய் வழியாகவே மின்சாரம் வந்தது. உலகின் பெரும் பணக்கார இராணுவத்தின் முகாமில் இது நடந்து, அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை வரை போனது. நமது வீட்டில் அதே பம்ப், அதே குழாய், விசாரிக்க மட்டும் யாரும் வரமாட்டார்கள்.

இப்போது இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஒரு சாமானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: குழாயிலேயே பொருத்தும் சூடாக்கும் டப், ஷவர் தலையிலேயே சூடாக்கும் கருவி. இவற்றில் பலவற்றின் வெப்பச் சுருளுக்கு உறையே கிடையாது. உயிருள்ள கம்பி நேரடியாகத் தண்ணீரில் கிடக்கும். சர்வதேசத் தரம் இவ்வகையை முழுக்கத் தடைசெய்யவில்லை, ஆனால் நிரந்தரமாக வயரில் இணைக்க வேண்டும், எர்த் கட்டாயம், தண்ணீரின் மின்தடை இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்று நிபந்தனைகள் போடுகிறது. நாமோ அதை இரட்டை முனைப் பிளக்கில் செருகுகிறோம். பெட்டியில் வந்திருந்தால் திருப்பி அனுப்ப முடியாது, யாருக்கும் விற்கவும் கூடாது. குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் எங்கே நிற்கிறது என்பது நமக்குத் தெரிந்ததே. உடைத்துப் போடுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. குளிரில் சிரமத்தோடு வுழூவை முழுமையாகச் செய்வதன் சிறப்பை ஹதீஸ்களில் படித்திருக்கிறோம், அதற்காக வயதானவர்களுக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடாது என்றில்லை. மலையகத்தின் பல பள்ளிவாசல்களில் வெளிநாட்டிலுள்ள சகோதரர்கள் ஹதியாவாகத் தந்த ஹீட்டர்கள் வுழூச் செய்யும் இடத்தில் இருக்கின்றன. அந்த இடத்தைக் கற்பனை செய்யுங்கள்: வெறும் கால், நனைந்த சீமெந்துத் தரை, ஒரே இரும்புக் குழாயில் பத்து டப், சுபஹுக்கு முன் பத்துப் பேர். வீட்டில் ஒருவர் படும் ஆபத்தை இங்கே ஒரு வரிசையே படுகிறது. ஹதியா வந்தால் மாட்டுவதற்கு முன் அந்த இரும்புக் குழாயை எர்த்தோடு இணைப்பதற்கும், தனி 30 மில்லி அம்பியர் ட்ரிப்புக்கும் யார் பணம் தருகிறார் என்று கேளுங்கள். கொடுப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

லயன் வீடுகளைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. நமது கடைகளில் சாமான் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தோட்டத்து மக்கள். பீலியில் குளித்தவர்கள் இன்று குழந்தைக்காக, பேறுகாலத் தாய்க்காக வாளியில் போடும் மின்கம்பியை வாங்குகிறார்கள். வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் கொண்டுவரும் பெட்டிகளிலும் அது இருக்கும். பக்கத்து வீட்டு மீற்றரிலிருந்து வயர் இழுத்த லயன் அறையில் ட்ரிப் சுவிட்ச் என்று ஒன்று இருப்பதில்லை. விற்கும் நம் வியாபாரிகள், சுவிட்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும் என்பதையாவது ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக் கொடுக்கலாம். அதற்குச் செலவில்லை.

அப்படியானால் நல்லதண்ணிக் குளிருக்கு எதுதான் பொருத்தம்? என் கருத்தில் சிறிய தொட்டி ஹீட்டர். 15 லீற்றர், 1,500 வாட், 6.5 அம்பியர். 15 பாகைத் தண்ணீரை 60 பாகைக்குக் கொண்டுவர அரை மணி நேரம் எடுக்கும். அதைக் குளிர்ந்த நீரோடு கலந்தால் 40 பாகையில் 27 லீற்றர் கிடைக்கும், ஒருவர் சிக்கனமாகக் குளிக்கப் போதும். 30 லீற்றர் என்றால் ஒரு மணி நேரம். காத்திருக்க வேண்டும் என்பதுதான் இதன் குறை, ஆனால் வீட்டின் 30 அம்பியரை இது விழுங்காது. மலை ஊற்றிலிருந்து இறங்கும் தண்ணீரில் மணலும் இலைத் துணுக்கும் வரும். உடனடி ஹீட்டருக்குள் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் சின்னச் சுவிட்ச் அவற்றால் சிக்கிக்கொள்ளும், தொட்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. தொட்டியிலிருக்கும் அழுத்த வால்வை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள். அது சொட்டுகிறதென்று ஆணி வைத்து அடைத்தால் தொட்டி வெடிக்க வழி செய்கிறீர்கள். காஸ் ஹீட்டரைக் குளியலறைக்குள் வைப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். குளிருக்குப் பயந்து யன்னலைச் சாத்திக்கொள்ளும் ஊரில் அதன் நச்சுப் புகை சத்தமில்லாமல் ஆளை முடித்துவிடும்.

வெளிநாட்டிலிருந்துதான் வாங்குவேன் என்றால், வாங்குவதற்கு முன் பெயர்த்தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வோல்ட் 220 முதல் 240க்குள், ஹேர்ட்ஸ் 50 அல்லது 50/60, வாட் எவ்வளவு, ஐபி எண் உண்டா, முத்திரை எது. இந்த ஐந்தும் அந்தச் சின்னத் தகட்டில் இருக்கும். தகடே இல்லாத சாமான் என்றால் கதை அங்கேயே முடிந்தது. பிள்ளையிடம் "ஹீட்டர் வேண்டாம் மகன், அந்தக் காசை அனுப்பு, எர்த் அடிக்க வேண்டும்" என்று சொல்வது ஒரு தாய்க்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கலாம். பெட்டியைப் பிரிக்கும் சந்தோசம் எர்த் கம்பியில் இல்லைதான்.

நான் சொன்ன அந்தக் குடும்பம் அதைத்தான் செய்தது. சான்றிதழ் உள்ள ஒரு மின்னிணைப்பாளரை ஹட்டனிலிருந்து வரவழைத்தார்கள். வீட்டு முன்னால் கல்லில் பாதி நின்ற பழைய கம்பியை விட்டுவிட்டு, வளவின் கீழ்ப்பக்கம், கான் ஓரமாக வறண்ட மாதத்திலும் ஈரம் நிற்கும் இடத்தில் இரண்டு கம்பிகளை இடைவெளி விட்டு இறக்கி இணைத்தார். 0.3 அம்பியர் என்றிருந்த பழைய ட்ரிப் சுவிட்ச் மாறியது. நான்கு அறைக்கும் சிறிய தொட்டி ஹீட்டர்கள், ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் போடக்கூடாது என்று மீற்றருக்குப் பக்கத்தில் ஒரு காகிதம். கட்டார் ஹீட்டர் இன்னும் அதன் பெட்டிக்குள் அலுமாரியின் மேல் இருக்கிறது. மகன் அடுத்த முறை வரும்போது கேட்பான் என்று அதைத் தூக்கிப் போட உம்மாவுக்கு மனமில்லை. தனி 7/0.85 வயர் இழுத்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறார்.